சோங்கு

எங்கள் ஊரில் துவக்கின் மரப்பகுதிக்குச் சோங்கு என்று பெயர். அந்தச் சொல் வந்த வசனங்கள் அநேகமாக 'அடித்தான்' என்றுதான் முடியும். வேறு வினைச்சொல்லோடு அதை நான் கேட்ட ஞாபகம் இல்லை. அதனால், போன வருடம் என் மகள் தொலைபேசியில், "அப்பா, ஷாஃப்டில ஏதோ பிழை. நீங்கள் மரவேலை தெரிஞ்ச ஆள். ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?" என்று கேட்டபோது, ஷாஃப்ட் என்பது சோங்குதான் என்று விளங்கவே எனக்குச் சற்று நேரம் எடுத்தது. விளங்கிய பிறகும் உடனே பதில் சொல்லவில்லை.

நான் தச்சன். ஐயாவும் தச்சர். 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, கடைசியில் கறுங்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு தளபாடப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தேவாலயம், தீயணைப்புப் படை, ஷூட்சன்ஃபெரைன் மூன்றும் இருக்கும். மூன்றாவது, குறிபார்த்துச் சுடுவோரின் சங்கம். இவற்றின் நாடளாவிய அமைப்பு 1861இல் கோத்தா நகரில் தொடங்கியது. 2015இல் இந்த மரபை ஜேர்மனியின் பொருள்சாராப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தார்கள். மகளுக்கு இது ஊர்த்திருவிழா மாதிரி ஒரு சங்கதி. பல்கலைக்கழகச் சிநேகிதி ஒருத்தியோடு போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த செய்தி கேட்டு என் மனைவி இரண்டு கிழமை அவளோடு பேசவில்லை.

சொந்தத் துவக்கு வாங்குவது இங்கே இலேசான காரியமல்ல. குறைந்தது பன்னிரண்டு மாதம் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். தேவை இருக்கிறது என்று சங்கம் எழுதித் தர வேண்டும். வீட்டில் தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டகம் வேண்டும். அவள் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். நாங்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம்: அந்தச் சாமான் எங்கள் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது.

அவள் வாங்கியது மவுசர் 98 வகைப் பழைய வேட்டைத் துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் கைபிடியை இழுத்துத் தள்ளி ரவை ஏற்ற வேண்டும். ஊரில் பொலிஸ்காரர் தோளில் தொங்கிய 'திறீ நொட் திறீ'யும் இந்தச் சாதிதான். மவுசரின் ஊரான ஓபர்ன்டோர்ஃப் எங்களிடமிருந்து காரில் அரைமணித்தியாலத் தூரம். நெக்கார் ஆற்றங்கரையில் பழைய மடாலயம் ஒன்றில் 1811இல் வூர்ட்டம்பெர்க் அரசர் தொடங்கிய துவக்குத் தொழிற்சாலையில் வளர்ந்தவர்கள் மவுசர் சகோதரர்கள். 1898இல் ஜேர்மன் இராணுவம் ஏற்றுக்கொண்ட அவர்களின் அமைப்பை இன்றைக்கும் வேட்டைத் துவக்குகளில் பின்பற்றுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் படை அந்தத் தொழிற்சாலையைக் கழற்றியும் தகர்த்தும் போட்டது. அங்கே வேலைசெய்த பொறியியலாளர்கள் மூவர் 1949இல் அதே ஊரில் ஹெக்லர் உண்ட் கோஹ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜி-3 அங்கேதான் பிறந்தது. ஓபர்ன்டோர்ஃப் என்ற பெயர் காதில் விழுவதற்குப் பல வருடம் முன்பே நான் ஜி-3 என்ற பெயரை ஊரில் கேட்டிருந்தேன்.

சரி, பிழைக்கு வருகிறேன். முதல் மூன்று வெடியும் கிட்டக்கிட்ட விழும். குழல் சூடேறியதும் அடுத்தவை மேலே வலப்பக்கம் நகரும். மழைநாளில் எல்லாமே வேறிடத்தில் விழும். மகள் தன் கை நடுங்குகிறது என்று நினைத்திருந்தாள். சங்கத்தில் வேறொருவர் சுட்டுப் பார்த்தபோதும் அதேதான்.

அனுமதி அட்டை இல்லாத என்னிடம் துவக்கைத் தந்துவிட்டுப் போகச் சட்டம் இடம் கொடாது. அதனால் சங்கத்தில் உள்ள ஒரு வயோதிபரின் பட்டறைக்குப் போனோம். அவர் துவக்கு செய்து திருத்தும் தொழிலில் மாஸ்டர் பட்டம் பெற்றவர். அவர் துவக்கைப் பிடிமேசையில் நிறுத்தி, குழலும் மரமும் சந்திக்கும் இடத்தில் என் விரலை வைக்கச் சொன்னார். பிறகு முன் திருகாணியைத் தளர்த்தினார். குழல் மரத்தை விட்டு எழும்புவது விரலில் தெரிந்தது. "பார்த்தீரா, இரும்பு வளைந்து படுத்திருக்கிறது" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கதவு மாரியில் இறுகும், கோடையில் கலகலக்கும். மரம் ஈரத்தைக் குடிக்கும், விடும். இரும்பு அப்படிச் செய்யாது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் மரம் அசையும்போதெல்லாம் இரும்பை ஒரு பக்கம் தள்ளும். நூறு மீற்றருக்கு அப்பால் அந்தத் தள்ளல் அங்குலக் கணக்கில் தெரியும். பரிகாரம் இரண்டு. குழல் மரத்தில் முட்டாமல் நிற்க வேண்டும். வெடியறை இருக்கும் இரும்புப் பகுதி எந்த நெருக்குதலும் இல்லாமல், தனக்கென்றே வார்த்த இடத்தில் படுக்க வேண்டும். ஜேர்மன் மொழியில் இதற்குப் பெயர் பெட்டுங். படுக்கை போடுதல்தான்.

மாஸ்டர் இரும்பைக் கழற்றித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மரம் என் பக்கம் வந்தது. இரும்பின் அடியில் அவர் விளக்குக்கரி குழைத்த எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மரத்தில் இருத்தி எடுத்தார். கறுப்புப் பட்ட இடங்கள்தான் முட்டும் இடங்கள். ஐயாவும் நிலைக்குக் கதவு பொருத்தும்போது கரிதான் பூசுவார். பின்பக்கத் திருகாணியடியில் ஒரு மேடு, குழல் கிடக்கும் வாய்க்காலின் நுனியில் இன்னொன்று. உளியால் மேட்டைச் சீவி, வாய்க்காலை உருளைக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரு தடித்த தாள் தடையின்றி நுழைந்து வரும்வரை தேய்த்தேன். பிறகு இரும்பு இருக்கும் இடத்தில் இரண்டு மில்லிமீற்றர் ஆழம் தோண்டினேன். நல்ல அக்ரூட் மரம். உளிக்கு வெண்ணெய் மாதிரி.

தோண்டிய குழியில் உருக்குத்தூள் கலந்த எப்பொக்சிப் பசை. அது இரும்பில் ஒட்டிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. ஆகவே இரும்பு முழுக்க மெழுகு பூசி, துளைகளைக் களிமண்ணால் அடைத்தோம். அடியில் பல் மாதிரி ஒரு மேடு உண்டு. துவக்கு உதைக்கும்போது அந்த உதையை மரத்துக்குக் கடத்துவது அதுதான். அதன் முன்புறம், இரு பக்கம், அடிப்புறம் எல்லாவற்றிலும் நாடா ஒட்டினோம். பிறகு நாடாவை எடுத்தால் அங்கெல்லாம் மயிரிழை இடைவெளி இருக்கும். பின்முகம் மட்டும் பசையில் நேரே சாய்ந்து நிற்கும். திருகாணியை இறுக்கவில்லை. இறுக்கினால் பழைய வளைவே அச்சாகிவிடும். இரும்பு தன் பாரத்தில் தானாக இருந்தது. ஒரு நாள் காயவிட்டோம்.

மறுநாள் பின்னேரம் இரும்பு ஒரு தட்டில் கழன்று வந்தது. தோண்டிய இடமெல்லாம் ஈரம் குடிக்காமல் வார்னிஷ் பூசுவதற்காக, மரத்தைக் கழுத்தில் பிடித்துத் திருப்பினேன். அதன் பின்தட்டு என் முகத்துக்கு நேரே வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

இருபத்தேழு வருடமாக அவளுக்குச் சொல்லாததை அங்கேதான் சொன்னேன். 1984இல் ஒரு காலை எங்கள் ஒழுங்கைக்குத் துவக்கோடு வந்தவர்கள், கையில் கொட்டாப்புளியோடு நின்ற ஐயாவின் வலது தோளில் சோங்கால் இரண்டு முறை இடித்தார்கள். அதற்குப் பிறகு அவரால் அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. உளிபிடிக்க இடது கையைப் பழக்கினார். வேலை சரிவரவில்லை. வந்தவர்கள் எந்தப் பக்கம் என்று அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சோங்கால் இடித்தவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை.

மாஸ்டருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எழும்பிப் போய்க் கோப்பி போட்டார்.

"தெரிஞ்சிருந்தா உங்களைக் கேட்டிருக்க மாட்டன்" என்றாள் மகள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "விக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவளுக்காகவா, அல்லது பாதியில் விட்ட மரவேலை எனக்குப் பொறுக்காததாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐயா யாருடைய கதவையும் பாதியில் விட்டதில்லை. தூரிகையை எடுத்து வார்னிஷை முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் நூறு மீற்றரில் ஐந்து வெடி வைத்தாள். முன்பு ஒன்பது சென்ரிமீற்றர் பரந்து விழுந்தவை இப்போது நாலுக்குள் அடங்கின. நான் போகவில்லை. துளைபட்ட மட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். மனைவியும் பார்த்தாள். "இவ்வளவு கிட்டவோ?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பரில் ஒரு கிழமை முழுக்க மழை. ஞாயிறு இரவு மகள் தொலைபேசியில், "மாறேல்லை அப்பா, அதே இடம்தான்" என்றாள். பிறகு ஐயாவின் தோளைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். அவர் இடது கையால் செய்த முக்காலி ஒன்று இன்னும் ஊரில் அக்காவிடம் இருக்கிறது என்றேன். வருகிற ஆடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். துவக்கு அவள் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கிறது. எங்கள் வாசல்படி ஏறவில்லை.