மொட்டை மாடியில் புள்ளலூர்

செப்டம்பர் 10 வந்தால் போதும், அம்பத்தூரில் எங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடி போர்க்களமாகிவிடும். 1780-ல் இதே தேதியில்தான் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையைத் துவம்சம் செய்தார்கள். அதைப் பகடை உருட்டி மறுபடி ஆடுகிறார்கள், தெருக்காரர்கள் நாலு பேர். மைசூர் குதிரைப்படை புளியங்கொட்டை, கும்பெனி பட்டாணி, ராக்கெட்டுக்கு ஊதுவத்தித் துண்டு. (வறுத்த பட்டாணி என்பதால் பெய்லி பாதி சண்டையிலேயே காலி!)

ஹெக்டர் மன்றோவாக ஆட மட்டும் யாரும் வரமாட்டார்கள். பெரிய படையோடு காஞ்சியிலேயே உட்கார்ந்து பெய்லியைக் கோட்டை விட்டவர் ஆயிற்றே! இந்த முறை ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ரிடையரான மாமா துணிந்தார். படையைக் கிளப்பினார். உடனே திப்புவாக ஆடிய ப்ளஸ் டூ பையன் காஞ்சியில் இருந்த தானியத்தை மொத்தமாக அள்ளிவிட்டான். நிஜ மன்றோவுக்கும் அதே பயம்தான்.

"போனா சோறு போச்சு, போகாட்டி பெய்லி போச்சு. என்னதான்டா பண்ணுவான் மனுஷன்?" என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு புள்ளலூர் போனோம். அங்கே இரண்டு தூண்கள். 1781-ல் அதே இடத்தில் நடந்த அடுத்த சண்டையில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு. பெய்லியோடு வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மூர் சிப்பாய்கள். மாமா இரண்டு தூணையும் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு சிப்பாய் பெயர்கூட இல்லை.