எங்கள் லயத்துக்கும் ஒரு வரைபடம்

நீங்கள் லயத்து வீட்டில் பிறந்தவரா? அப்படியானால் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு முன்னறை எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? சட்டென்று சொல்ல வராது. எனக்கும் வரவில்லை. 19 வருஷம் குடியிருந்த வீடு. எத்தனை பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம் என்பது நினைவிருக்கிறது. அடிக்கணக்குத்தான் தெரியவில்லை.

இதை என்னிடம் கேட்டவள் என் அண்ணன் மகள். கட்டடக்கலை படிக்கிறாள். "அத்தை, நீங்க பொறந்த வீட்டை அளந்து வரையணும். கூட்டிட்டுப் போங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

எங்கள் தோட்டம் செடெனாக் பக்கத்தில். கூலாயிலிருந்து பழைய சாலையில் வடக்கே போக வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது கண்ணுக்கு எட்டிய தூரம் ரப்பர். பிறகு செம்பனை வந்தது. இப்போது செடெனாக்கில் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எங்கள் தோட்டத்தில் மிச்சம் இருந்தவை இரண்டே லயங்கள். ஆளில்லை. அவையும் இடிபடப் போகின்றன என்று காவலாளி சொன்னார்.

அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு. அவ்வளவுதான்! அதற்குள் நாங்கள் ஏழு பேர், ஒரு தையல் இயந்திரம், ஒரு சாமி படம்.

அளந்துகொண்டே அவள் கேட்ட கேள்விகளால்தான் அந்த வீட்டை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வீடு ஏன் சிமெண்டுக் கட்டைகளின்மேல் தூக்கி நிற்கிறது? கறையானும் ஈரமும் ஏறாமலிருக்க. எங்களுக்கோ அது கோழி அடைகிற இடம், விறகு அடுக்குகிற இடம். அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள பலகைச் சுவர் கூரை வரை போகாமல் பாதியில் நின்றுவிடுகிறதே, ஏன்? காற்றோட்டத்துக்கு என்பார்கள். பலகை மிச்சம் என்பது என் கணக்கு. எப்படியோ, முதல் வீட்டில் குழந்தை இருமினால் ஆறாவது வீட்டிலிருந்து கசாயம் வரும். முதல் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அதுவும் ஆறு வீட்டுக்கும் பொது.

முன்னால் ஓடும் திண்ணையை நாம் அஞ்சடி என்கிறோம் அல்லவா? அந்தப் பெயர் பட்டணத்திலிருந்து வந்தது. கடைவரிசைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதி செய்தார். அந்த ஐந்தடி நடைபாதையின் பெயர்தான் தோட்டம்வரை நடந்து வந்திருக்கிறது. எங்கள் லயத்து அஞ்சடியை அளந்து பார்த்தோம். நாலரை அடி. அதிலும் அரையடி பிடித்துக்கொண்டார்கள்!

அவள் தனி வீட்டோடு நிற்கவில்லை. தோட்டம் முழுவதையும் ஒரு தாளில் குறிக்கச் சொன்னாள். குறித்தேன். மேட்டின் உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே ஆபீசும் பிரட்டுக்களமும். பள்ளத்தில், ஆற்றோரம், லயங்கள். லயத்துக்கு அப்பால் ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை. பால் கொட்டகையும் புகைக்கூண்டும் காற்று எங்கள் பக்கம் வீசும் திசையில். தாளைப் பார்த்து அவள் சிரித்தாள். "சம்பளப் பட்டியலை அப்படியே குன்றுமேல வச்சுக் கட்டியிருக்காங்க, அத்தை" என்றாள்.

இந்த ஊர்ப் பக்கம் எப்படி உண்டானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில் பாதை 1909-இல் முடிந்தது. ரப்பருக்கு அப்போது நல்ல விலை. பாதையையொட்டிக் காடு அழிந்து தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்களை வைக்க வரிசை வரிசையாக லயங்கள் எழுந்தன. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி வந்தவைதான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகள் பல. என் அப்பாவின் அப்பா 1943-இல் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனார். இந்த லயத்தின் நான்காவது கதவிலிருந்துதான் இறங்கிப் போனார். திரும்பவில்லை. அவருக்குச் சமாதி கிடையாது, புகைப்படம் கிடையாது. அந்தக் கதவுதான் உண்டு.

வீடு திரும்பும் வழியில் அண்ணன் மகள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். நீண்ட மண் சாலை. இரு புறமும் கரும்பு. சாலையோரம் ஒரே மாதிரி சிறிய மர வீடுகள், தகரக் கூரை, முன்னால் திண்ணை. "நம்ம தோட்டமா?" என்று கேட்டுவிட்டேன். அது அமெரிக்கா! லூசியானா மாநிலத்தில் லாரல் வேலி என்ற கரும்புத் தோட்டமாம்.

அமெரிக்காவில் 1966-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டடத்தை மட்டுமல்ல, ஒரு தெருவையோ ஒரு கிராமத்தையோ மொத்தமாக வரலாற்று வட்டாரம் என்று தேசியப் பதிவேட்டில் ஏற்றலாம். பொதுவாக 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். நம் மாவட்டம் போன்றதை அவர்கள் கவுண்டி என்கிறார்கள். பட்டிக்காட்டுக் கவுண்டிகளிலும் கோர்ட்டுத் தெரு, தானியக் கொட்டகை, ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் அந்த ஏட்டில் இருக்கின்றன. லாரல் வேலி 1978-இல் ஏறியது. 1865-க்கு முன் அந்தக் கரும்புக் காட்டில் உழைத்தவர்கள் அடிமைகள். பின்னால் கூலிக்காரர்கள். அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசை இன்று வரலாறு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஏட்டில் பெயர் இருந்தாலே சொந்தக்காரர் தம் கட்டடத்தை இடிக்கக்கூடாது என்று ஆகிவிடாது.

அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில் லயத்துக் காம்பிராவையே 2007-இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2005-இல் தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. 2008-இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. கடைவீடுகளுக்கு அந்த மரியாதை கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன். லயத்துக்கும் அது உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

இதையெல்லாம் ஆர்வத்தோடு என் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு வயது 85. கேட்டுவிட்டு, "இடிக்கட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் தொடர்ந்தார். "மழை பேஞ்சா எட்டு எடத்துல சட்டி வைப்பேன். ராத்திரி கக்கூசுக்குப் போக விளக்கெடுத்துக்கிட்டு லயத்துக் கடைசி வரைக்கும் நடக்கணும். நீ வயித்துல இருக்கும்போது ரெண்டு தடவ விழுந்தேன். அதை வச்சுப் பூசை பண்ணப் போறீங்களா?"

நான் என்ன பதில் சொல்வது? அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அண்ணன் மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "பாட்டி, நீங்க விழுந்த எடம் எதுன்னு காட்டுங்க. அதையும் வரையிறேன்."

அம்மா தாளை இழுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். "குழாயடி இங்க இல்ல, அந்தப் பக்கம்" என்று திருத்தினார். ஆட்டுக்கல் இருந்த இடத்தில் ஒரு வட்டம். வழுக்கிய படிக்கட்டில் ஒரு பெருக்கல் குறி. பிறகு கதவு கதவாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். முதல் கதவு, பால்வெட்டுக்காரர் ஒருவர், சேலத்துப் பக்கம். இரண்டாம் கதவு, ஆயாக்கொட்டகை அம்மா. மூன்று, நான்கு, ஐந்து என்று பத்துவரை போனார். ஏழாவது கதவில் மட்டும் பென்சில் நின்றுவிட்டது. "நல்ல மனுஷங்க. ராத்திரியோட ராத்திரியா சாமான் கட்டிக்கிட்டுப் போனாங்க, பேர்தான் வரல" என்றார்.

லயத்தை இடிப்பார்களா, வைப்பார்களா, என் கையில் இல்லை. அளவு நாடாவும் தாளும் நம் கையில் உண்டு. எங்கள் தாளில் ஒன்பது கதவுகளுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில், ஆற்றோரக் கடைசி லயத்தில், ஏழாவது கதவில் இருந்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். அம்மா தினமும் கேட்கிறார்.