நாற்பத்துமூன்று ஈய உருவங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், இரசாயன ஆசிரியர் ஒருவரின் வீட்டு முன்னறையில் இரும்பு அலுமாரியொன்று நிற்கிறது. அதன் லாச்சிகளில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேற்படாத உலோக உருவங்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. பன்றிமூக்கும் கோரைப்பல்லும் உடைய அரக்கர், தாடி வளர்த்த குள்ளர், கேடயம் ஏந்திய எலும்புக்கூடுகள், சிறகு விரித்த பறவைநாகங்கள் என அவை பலதிறத்தன. அழகிய மர அலுமாரியில் இவற்றை வைத்தால் என்ன என்று கேட்போர்க்கு அவர் ஒரு சிறு பாடமே நடத்திவிடுவார். மரத்திலிருந்து, சிறப்பாக ஓக் போன்ற மரங்களிலிருந்து, அசற்றிக் அமிலத்தின் ஆவி மெல்ல மெல்ல வெளியேறும். அது ஈயத்தை அரிக்கும். வளியிலுள்ள காபனீரொட்சைட்டும் சேர்ந்துகொள்ள, ஈயக்காபனேற்று என்னும் வெண்பொடி உருவத்தின் முகத்தைத் தின்றுவிடும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் போதாதென்று மரத்தின் பகையையும் தேடிக்கொள்வானேன் என்பது அவர் வாதம்.

ஒழுங்கைச் சிறுவர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பொம்மை மாஸ்ரர்' என்பதாகும். அப்பெயரை அவர் அறிவார்; அதனால் வருந்துவதும் இல்லை.

இவ்வுருவங்கள் விளையாட்டுப் பொருள்களே; எனினும் அவற்றின் பின்னே நீண்ட வரலாறு ஒன்று உண்டு. போரைப் பலகையின் மேல் நடத்திப் பார்க்கும் ஆசை பழையது. நால்வகைப் படையை அறுபத்துநான்கு கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் இம்மண்டலத்தில் தோன்றியது. பிரஷ்ய இராணுவத்தார் 1824இல் போர்விளையாட்டைத் தம் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டனர். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ஈயச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். மெய்யான போர்களின் இடத்தைக் கற்பனை உலகின் போர்கள் பிடித்துக்கொண்டது எழுபதுகளிலேயே ஆகும். அமெரிக்காவில் 1974இல் 'டன்ஜன்ஸ் அன்ட் டிறாகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. இங்கிலாந்தில் 1975இல் மூன்று இளைஞர் கேம்ஸ் வேர்க்ஷொப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முதலாவது கடை இலண்டன் ஹமர்ஸ்மித்தில் 1978இல் திறக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் துணையோடு தோன்றிய சிற்றடெல் என்னும் வார்ப்பகமும், அமெரிக்காவின் சின்சினாற்றி நகரத்து றால் பார்த்தா என்னும் வார்ப்பகமும் இத்தகைய உருவங்களை உலகெங்கும் அனுப்பின.

அவை செய்யப்படும் முறை எளியது. சிற்பி ஒருவர் முதலுருவைக் கையால் வனைவார். அதனை இறப்பர்த் தட்டுகள் இரண்டின் நடுவே வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வல்கனைசுப்படுத்தி அச்செடுப்பர். அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருகிய கலப்புலோகத்தை வார்த்தால், அது விளிம்பு நோக்கி விரைந்து ஒவ்வொரு குழியையும் நிரப்பும். ஆனால் இறப்பர் சாகாவரம் பெற்றதன்று. வார்க்க வார்க்க அது வெடிக்கும், நுணுக்கங்கள் மழுங்கும். விற்பனை குன்றிய உருவத்துக்குப் புதிய அச்சுச் செய்ய எந்த முதலாளி முன்வருவான்? தொண்ணூறுகளில் ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய அச்சம் வலுத்தபோது வார்ப்பகங்கள் ஈயத்தைக் கைவிட்டு வெள்ளீயம் மிகுந்த கலப்புகளை நாடின. பின்னர் பிளாஸ்ரிக் வந்தது. இவ்வாறு எண்பதுகளின் உருவங்கள் பல உற்பத்தியிலிருந்து மறைந்தன. அப்படி மறைந்தவற்றையே மாஸ்ரர் தேடுகிறார். அவற்றுள்ளும் எல்லாவற்றையும் அவர் தேடுவதில்லை. அவர் தேடுவன நாற்பத்துமூன்று மட்டுமே.

அந்த எண்ணிக்கையின் கதை 1979இல் தொடங்குகிறது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து வெளிநாட்டுப் பொருள்கள் கொழும்புக்குள் மீண்டும் வரத் தலைப்பட்ட காலம் அது. அப்போது அவருக்கு ஒன்பது வயது, அண்ணருக்குப் பதின்மூன்று. இலண்டனில் படித்துக்கொண்டிருந்த தாய்மாமன் தைப்பொங்கலுக்கும் பிறந்தநாள்களுக்கும் சிறு பொதிகளை அனுப்பி வைப்பார். பொதிகளில் உருவங்கள் இருந்தன. ஆட்டத்தின் விதிநூல் இருக்கவில்லை. விதி இல்லாத படையை என்ன செய்வது? கொட்டாஞ்சேனையில் ஆச்சி வீட்டுச் சீமெந்துத் தரையில் அண்ணர் அதற்கு விடை கண்டார். அப்பகுதிக் கோயிலொன்றில் கந்தசஷ்டி முடிவில் நடைபெறும் சூரன் போரை அவர்கள் ஆண்டுதோறும் ஆச்சியின் கைபிடித்துச் சென்று பார்த்தவர்கள். ஆகவே ஆங்கிலேயன் வார்த்த அரக்கர் யாவரும் அசுரப் படையாயினர், எலும்புக்கூடுகள் பூதகணங்களாயின, வாள் உயர்த்திய வீரன் ஒருவன் வீரவாகு தேவரானான். சிங்கத்தலை கொண்ட உருவம் ஒன்றும் வந்து சேர்ந்தபோது சிங்கமுகனைத் தேடி அலையவேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

ஒன்று மட்டும் எப்பொதியிலும் வரவில்லை. சூரன் போரின் முடிவில் சூரபன்மன் மாமரமாய் நிற்பான் அல்லவா? மாமரமாய் நிற்கும் அசுரனை எந்த வார்ப்பகமும் வார்த்திருக்கவில்லை. அண்ணர் அரக்கன் ஒருவனை இடுப்போடு அறுத்து, செப்புக் கம்பிகளை முறுக்கிக் கிளையாக்கி, இரண்டையும் ஒட்டுவிக்கச் செட்டியார் தெருப் பொற்கொல்லர் ஒருவரிடம் கொண்டு சென்றார். ஈயம் என்றதுமே அந்த முதியவர் இருவரையும் படியிறக்கிவிட்டார். பட்டறையில் ஈயத்தூள் ஒரு துளி விழுந்து பொன்னோடு கலந்தாற் போதும், பொன் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் என்பது அத்தொழிலாளர் நன்கறிந்த உண்மை. இறுதியில் கொட்டாஞ்சேனையில் வானொலிப் பெட்டி திருத்துபவர் ஒருவரே தமது பற்றாசுக் கோலால் அதனை ஒட்டிக் கொடுத்தார். நாற்பத்துமூன்றாவது உருவம் அதுவே. அண்ணர் யாவற்றையும் சீ. ஆர். கொப்பி ஒன்றில் இலக்கமிட்டு எழுதினார். அவர் எழுதியவை வார்ப்பகத்தார் இட்ட பெயர்கள் அல்ல. 'ஒற்றைக்கைப் பூதம்', 'கோபக்காரன்', 'ஆச்சிக்குப் பயந்தவன்' என்றவாறு தாம் இட்ட பெயர்கள். கொப்பி ஆச்சி வீட்டிலேயே இருந்தது. உருவங்கள் பிஸ்கற் தகரம் ஒன்றில் வெள்ளவத்தை வீட்டில் இருந்தன.

1983 யூலை 25ஆம் திகதி அவ்வீடு எரிக்கப்பட்டது. அயலிலிருந்த சிங்களக் குடும்பம் ஒன்று அவர்களைத் தன் சமையலறையில் மறைத்து வைத்து உயிர் காத்தது. பின்னர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமும், காங்கேசன்துறை நோக்கிய கப்பற்பயணமும் தொடர்ந்தன. சில மாதங்களின் பின் தந்தையார் சிறுவனையும் அழைத்துக்கொண்டு எஞ்சியதைப் பார்க்க வந்தார். எஞ்சியது கரியும் சாம்பலும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். இரண்டும் கலந்தாலோ அதனினும் தாழ்ந்த வெப்பநிலை போதும். கூரை எரிந்து விழுந்த வீட்டில் அவ்வெப்பம் ஒரு பொருட்டன்று. இதனைப் பின்னாளில் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கவிருந்த சிறுவன், அன்று சாம்பலைக் கிளறி, உள்ளங்கையளவான சாம்பல்நிறக் கட்டி ஒன்றைக் கண்டெடுத்தான். அசுரரும் தேவரும் பூதகணங்களும் வேறுபாடின்றி அதனுள் ஒன்றாயிருந்தனர்.

அண்ணர் 1985இல் ஒருநாள் யாழ்ப்பாணத்து வீட்டைவிட்டுச் சென்றார். அதன்பின் அவரைப் பற்றிய செய்தி எதுவும் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. ஆச்சி காலமானபோது அவருடைய பெட்டியிலிருந்து அந்தக் கொப்பி தம்பியின் கைக்கு வந்தது.

தேடல் தொடங்கியது அதன் பின்னர்தான். அவர் கொழும்புக்கு மீண்டு ஆசிரியப் பணியில் அமர்ந்திருந்தார். தொடக்கத்தில் மாமாவுக்குக் கடிதங்கள். பின்னர் இலண்டனில் பழம்பொருள் விற்போருக்குக் கடிதங்கள். இக்காலத்தில் கணினி வழியே ஏலங்கள். ஆனால் 'கோபக்காரன்' என்று எந்த விற்பனைப் பட்டியலில் தேடுவது? நினைவிலுள்ள முகத்தையும் விலைப்பட்டியலிலுள்ள படத்தையும் ஒப்புநோக்கியே ஒவ்வொருவனையும் அடையாளம் காணவேண்டியிருந்தது. அதற்கு அவர் வகுத்துக்கொண்ட விதிகள் சில உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதியில் சிற்றடெல் உருவங்களின் பாதத்தின் கீழே தகடொன்று வார்க்கப்பட்டு, அது பிளாஸ்ரிக் பீடத்தின் பிளவில் செருகப்படலாயிற்று. அதற்கு முந்தியவை பீடத்தோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டவை. பொதிகள் 1983இல் நின்றுபோயின. ஆதலால் தகடுள்ளது எதுவும் அண்ணரின் படையைச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

போலிகளும் உண்டு. பழைய உருவம் ஒன்றிலிருந்தே கள்ளத்தனமாக அச்செடுத்து வார்ப்போர் பலர். ஆயின் உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். எனவே நகலின் நகல் மூலத்திலும் சற்றுக் குறுகியிருக்கும், கண்ணிமையும் சங்கிலி வளையமும் மழுங்கியிருக்கும். இதனைக் கண்டறிய வேணியர் இடுக்கிமானி ஒன்றை அவர் வைத்திருக்கிறார். ஒருகாலத்தில் சில பென்சுகளுக்கு விற்ற உருவத்துக்கு இன்று ஓராசிரியரின் ஒரு வாரச் சம்பளத்தைக் கேட்போரும் உளர். அவர் பேரம் பேசுவார், காத்திருப்பார், சிலவேளை ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பார்.

இது பித்து என்பார் உளர். நண்பரொருவர் ஒருமுறை கடுமையாகவே கேட்டார்: "மாஸ்ரர், யாழ்ப்பாண நூலகத்திலை தொண்ணூற்றேழாயிரம் புத்தகமளவிலை எரிஞ்சு போச்சு. அதிலை ஒண்டைத் தேடி எடுத்தாலும் சமூகத்துக்கு உதவும். நீங்கள் வெள்ளைக்காரன்ரை பேயளைத் தேடுறியள்."

கேள்வி நியாயமானது. 1981இல் எரிந்த அந்நூலகத்தில் வேறெங்கும் படியில்லாத ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. அவற்றின் இழப்போடு பிஸ்கற் தகரம் ஒன்றின் இழப்பை ஒப்பிடுவதே தகாது என்பதை மாஸ்ரர் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன மறுமொழியும் எண்ணத்தக்கது. அச்சுநூலுக்கு வேறு படிகள் இருக்கக்கூடும். வார்ப்புருவத்துக்கும் வேறு வார்ப்புகள் உண்டு. ஏட்டுக்கு இல்லை, மனிதருக்கும் இல்லை. மீளப் பெறத்தக்கது இன்னது, பெறத்தகாதது இன்னது என்னும் வேறுபாட்டைத் தாம் நூலிற் கற்கவில்லை என்றும், இந்த லாச்சிகளை நிரப்ப முயன்றே கற்றதாகவும் அவர் கூறினார்.

அக்கல்வியின் அளவை அவருடைய கொப்பியே காட்டும். நாற்பத்திரண்டு பெயர்களுக்கு எதிரே அவர் ஒவ்வொன்றாகச் சரி அடையாளம் இட்டுவிட்டார். கடைசியாக வந்தவன் சிங்கமுகன். பொதியைத் தபாற்கந்தோரிலிருந்து எடுத்துவந்த அன்று, நவராத்திரிக்காக மனைவி அடுக்கியிருந்த கொலுவின் அடிப்படியில் அவனை நிறுத்தினார். "மண் பொம்மைகளுக்குப் பக்கத்திலை இவனும் நிக்கட்டும், எப்பிடியும் இவன் எங்கடை ஆள்தானே," என்றார் அவருடைய துணைவியார்.

எஞ்சியது நாற்பத்துமூன்றாவது. அது உற்பத்தி நின்றுபோன பொருளன்று. ஒருபோதும் உற்பத்தியாகாத பொருள். எந்த ஏலத்திலும் அது வராது. கட்டியைக் கண்ட மாணவன் ஒருவன் வழி ஒன்று சொன்னான்: "சேர், இதை உருக்கி அச்சிலை வார்த்தா அந்தச் சூரனைத் திரும்பச் செய்யலாம்தானே?" இரசாயன முறைப்படி அது முற்றிலும் சரியான விடை. உலோகம் அதே உலோகம். அண்ணர் ஒட்டுவித்த அரக்கனின் அணுக்களும், ஒட்டிய பற்றாசின் அணுக்களும் அக்கட்டியினுள்ளே இருக்கின்றன. மாஸ்ரர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "செய்யலாம். ஆனால் அதை நான் செய்ததாய்த்தானே இருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

லாச்சியில் நாற்பத்துமூன்றாம் இடத்தில் இப்போது அக்கட்டியே இருக்கிறது. அதனைத் தவிர ஏனையவற்றை அவர் பூட்டி வைப்பதில்லை. சேகரிப்போர் வழக்கத்துக்கு மாறாக, சனிக்கிழமைகளில் ஒழுங்கைச் சிறுவர் வந்து முன்னறைத் தரையில் அவற்றைப் பரப்பிப் போர் நடத்துவர். போர் முடிந்ததும் எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவவேண்டும் என்பது அவர் இட்ட ஒரே விதி. ஈயத்தின் இயல்பை அறிந்தவர் வேறெவ்வாறு செய்வார்?

அண்மையில் அத்தகைய போரொன்றில் பூதம் ஒன்றின் கை முறிந்தது. உடைத்த சிறுவன் நடுநடுங்கி அழத் தொடங்கினான். மாஸ்ரர் அதனைக் கையிலெடுத்துப் பார்த்தார். அண்ணரின் பட்டியலில் 'ஒற்றைக்கைப் பூதம்' என்று எழுதப்பட்டிருந்தது அந்த உருவமே; விலைகொடுத்து வாங்கியபோது அது இரண்டு கைகளுடன் வந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பட்டியலோடு பொருந்தாதிருந்த ஒன்று இப்போது பொருந்திவிட்டது. அவர் சிறுவனின் தலையைத் தடவி, பூதத்தை மீண்டும் படையணியில் நிறுத்தி, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.