மண்ணுக்கேத்த பயிர், தண்ணிக்கேத்த மீன்

எட்டாவது படிக்கிற சின்ன மகளுக்கு மீன் தொட்டி மேல ஆசை. பரீட்சை முடியட்டும்னு சொல்லியிருந்தேன், முடிஞ்சிருச்சு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்துல கண்ணாடித் தொட்டி வாங்கி, வெயில் விழாத மூலையில வச்சாச்சு. 50 லிட்டர் தண்ணி பிடிக்கும். தண்ணி கனம் மட்டுமே ஒரு யூரியா மூட்டையைத் தாண்டிரும், அதனால ஆடாத மேசையா பாத்து வைக்கணும்.

அடுத்து, என்ன மீன் விடுறது? பாப்பா செல்லுல பாத்து ஒரு பட்டியலே போட்டு வச்சிருந்தா. கோல்டு ஃபிஷ் 4, நியான் டெட்ரா 10, ஏஞ்சல் 2, ஃபைட்டர் 2, தொட்டியைச் சுத்தம் பண்ண சக்கர் மீன் 1. "ஏத்தா, இதுல பாதி மீதியத் தின்னுரும்"னு சொன்னேன். அவளுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. வேணாம்னு சொன்னா காரணம் சொல்லணும்ல. ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொன்னா பாத்தோம்.

முதல்ல தண்ணி. நாம நெலத்தைப் பாத்துத்தான் விதை எடுக்குறோம், களர் நெலத்துல போயி எல்லாத்தையும் போடுறதில்ல. மீனும் அப்படித்தான். எங்க போர் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பானையில வெள்ளையாப் படியும். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடையில, உப்பே இல்லாத மெல்லிசான தண்ணியில வளர்ற மீன். அதைக் கொண்டாந்து நம்ம தண்ணியில விட்டா பாவம். பிளாட்டி, மோலி, கப்பி மூணுக்கும் கடினத் தண்ணிதான் ஒத்துக்கும். தண்ணியை மாத்துறதை விட, தண்ணிக்கு ஏத்த மீனை எடுக்குறது சுலபம், செலவும் இல்ல.

ரெண்டாவது, வளர்ந்தா எவ்வளவு இருக்கும்னு பாக்கணும். கடையில எல்லாமே விரல் நீளம்தான். கோல்டு ஃபிஷ் அரை அடி தாண்டும், கழிவும் அதிகம். அதுக்குக் குளுமையும் வேணும். சித்திரை வெயில்ல நம்ம வீட்டுத் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கும், சூடான தண்ணியில காத்தும் கம்மியாத்தான் கரையும். ஏஞ்சல் பெருசானா நியானை முழுங்கிரும். ஃபைட்டர்ல ஆண் ரெண்டை ஒன்னா விட்டா சேவச்சண்டைதான்.

மூணாவது கரண்ட். மத்தியானம் 2 மணி நேரம் போச்சுன்னா காத்து மோட்டார் நின்னுரும். அதுக்குத்தான் கவ்ராமி நல்லது. நம்ம விரால், பனையேறி மாதிரி மேல வந்து வாயால காத்து வாங்கிக்கும்.

கடைசியா சக்கர் மீன். இதுலதான் நான் பிடிவாதமா நின்னேன். பாப்பா அழுதே பாத்தா. தென்னமெரிக்கா மீனு அது. ஒரு அடிக்கு மேல வளரும், உடம்பு பூரா ஓடு மாதிரி கெட்டி. தொட்டியில இடம் பத்தாமப் போனா என்ன பண்ணுவாங்க? கொல்ல மனசு வராது, கண்மாய்ல கொண்டுபோய் விட்டுருவாங்க. போன மீன்பிடித் திருவிழாவுல ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கிட்டு ஊரே இறங்குச்சு. கெளுத்திக்கும் குறவைக்கும் நடுவுல இந்த ஓட்டு மீனும் வந்துச்சு. ஒருத்தன் புது வலை அதோட முள்ளுல மாட்டிக் கிழிஞ்சுபோச்சு. வாங்குறதுக்கும் ஆளில்ல. வலையாவது போகுதுன்னு விட்டுரலாம். இந்த மீன் முட்டையிட கரையில வளை தோண்டும். கரைதான் எங்களுக்குச் சோறு. ஒரு கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாஞ்சா அடுத்த கண்மாய்க்குத்தான் தண்ணி போகும், மீனும் கூடவே போகும். ஒருத்தர் வீட்டுத் தொட்டி நாலு ஊருக் கண்மாய்க்கு வினையாகும். 1952ல நாட்டுக்குள்ள கொண்டாந்த ஜிலேபி மீன் இன்னைக்கு எந்தக் கண்மாய்ல இல்ல? அதையாவது கொழம்பு வச்சுத் திங்கிறோம்.

இதைச் சொன்னதும் அவளே கேட்டா, "அப்ப பிளாட்டி குட்டி போட்டா எங்கப்பா விடுறது?" நல்ல கேள்வி. மாசத்துக்கு ஒருதரம் குட்டி போடுற மீன் அது. அதனால ஆணா மட்டும் எடுக்குறதுன்னு முடிவு பண்ணினோம். வயித்துக்கு அடியில பின்பக்கத் துடுப்பு குச்சி மாதிரி கூரா இருந்தா ஆண், விசிறி மாதிரி விரிஞ்சிருந்தா பொட்டை.

ஆக பட்டியல் இதுதான்: ஜீப்ரா மீன் 6, ஆண் பிளாட்டி 5, குள்ளக் கவ்ராமி 1. ஜீப்ரா கூட்டமாத்தான் திரியும், ஆறுக்குக் குறைஞ்சா பயந்து கிடக்கும். கங்கைப் பக்கத்து மீன், நம்ம நாட்டுதுதான்.

ஆனா இப்பவே விடலை. மீன் கழிவுல வர்ற அமோனியா விஷம். அதை நைட்ரைட்டா, பிறகு நைட்ரேட்டா மாத்துற நுண்ணுயிர் ஃபில்டர்ல பெருகணும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அந்தளவுக்குக் கெடுதல் இல்ல. யூரியா போட்ட வயல்ல மண்ணுக்குள்ள நடக்குறதும் இதே வேலைதான். 4லிருந்து 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுறோம். அந்தத் தீனி அழுகி நுண்ணுயிருக்கு இரையாகும். மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடுறதைப் பாத்து எங்க வீட்டம்மா சிரிக்கிறாங்க. சோதிக்கிற மருந்துல அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லைன்னு காட்டினதும் ஜீப்ரா வரும். ரெண்டு வாரம் கழிச்சு பிளாட்டி. கவ்ராமி கடைசி.

கடையில மீன் எடுக்குறது சந்தையில மாடு பிடிக்கிற மாதிரிதான். துடுப்பை ஒடுக்கிக்கிட்டு மூலையில நிக்குறது, உடம்புல வெள்ளைப் புள்ளி உள்ளது, மேல வந்து வாயைப் பொளக்குறது எதுவும் வேணாம். செத்த மீன் கிடக்குற தொட்டியில இருந்து ஒன்னுகூட எடுக்காதீங்க. வீட்டுக்கு வந்து பையைத் தண்ணி மேல 20 நிமிசம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க. கடைத் தண்ணி நம்ம தொட்டிக்குள்ள வரக்கூடாது.

வளர்க்க முடியலைன்னா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுங்க, இல்ல தொட்டி வச்சிருக்கிறவங்களுக்குக் குடுங்க. கண்மாய்லயும் கிணத்துலயும் மட்டும் விட்டுறாதீங்க. கரையில எலி வளை தோண்டினாலே ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு ஓடுறவங்க நாம. தண்ணிக்குள்ள தோண்டுறவனை எங்க போய்த் தேடுறது?