எஞ்சினுக்குப் பின்னால்

பழைய பிக்கப்புக்கு டீசல் எஞ்சின் மாற்ற வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது எஞ்சின் என்ன விலை என்று. நான் முதலில் கேட்பது, வண்டி எந்த ரோட்டில் என்ன பாரம் ஏற்றப் போகிறது என்று. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி அடிக்கிற வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெங்களூரிலிருந்து ஆசைக்கு ஓட்டி வருகிற வண்டிக்கும் ஒரே எஞ்சின் பொருந்தாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வந்து சேர்வதற்குள் தரை 350 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. சமதளத்தில் சிரித்துக்கொண்டு ஓடுகிற வண்டி, பாரத்தோடு மேலுமலை ஏறும்போதுதான் தன் உண்மையைச் சொல்லும்.

ஓசூரில் என் பட்டறைக்கு அதிகம் வருவது மஹிந்திராவின் எஃப்.சி. 150. பானெட் இல்லாத, மூக்கு தட்டையான பிக்கப். வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் அமெரிக்காவில் அறிமுகம் செய்த வண்டியை மஹிந்திரா பின்னர் இங்கே தயாரித்தது. அதன் பிறவி எஞ்சின் ஹரிக்கேன்: 2.2 லிட்டர் பெட்ரோல், 4000 சுற்றில் 75 குதிரைத்திறன். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் போட்டுப் பாரம் அடித்துக் கட்டுப்படியாகவில்லை. நாடெங்கும் பட்டறைகள் டீசலுக்கு மாற்றத் தொடங்கின. கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது: சென்னை சிம்ப்சன் தயாரித்த பெர்கின்ஸ், டிராக்டர் வழி வந்த எஞ்சின்கள், 1979-இல் மஹிந்திரா பியூஜோவுடன் ஒப்பந்தம் போட்ட பிறகு எக்ஸ்.டி.பி. 4.90. அந்தப் பெயரிலேயே விவரம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர். கொள்ளளவு 2112 சி.சி. அந்தக் காலத்திலேயே ஆர்.சி. புத்தகத்தில் டீசல் என்று ஏறிவிட்ட வண்டிகள்தான் இன்று அடுத்த எஞ்சினுக்கு வந்து நிற்கின்றன. ஆகவே என் வேலையில் பாதி, முன்னால் செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்று அவிழ்த்துப் பார்ப்பது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு வேறு குடும்பம் என்றால் நடுவே ஓர் அடாப்டர் பிளேட் வேண்டும். அந்த நாளில் அட்டையை வைத்து ஓட்டைகளின் அச்சு எடுத்து, தடித்த இரும்புத் தகட்டை கேஸில் வெட்டி, ராவி மாட்டினார்கள். போல்ட் இறங்காவிட்டால் ஓட்டையை ஒரு நூல் பெரிதாக்குவார்கள். ஒரு நூல் என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வண்டி ஓடும், ஓடாமல் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் கியர்பாக்ஸின் முன் பேரிங் கத்தும், கியர் தானாகக் கழலும், கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் கிழியும். பழி கியர்பாக்ஸ் தலையில் விழும்.

கிராங்க்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஃப்ளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் அதன் முனையை வைத்து, கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முள் மொத்தம் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் மையத்தின் விலகல். அந்த மொத்த ஆட்டம் கால் மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. நூலுக்கும் இதற்கும் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்தக் கணக்கு ரோட்டோரப் பட்டறைக்குத் தானாக வந்துவிடவில்லை. ஓசூர் கற்றுக்கொடுத்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். வந்தது, டைட்டன் வந்தது. அவற்றைச் சுற்றி ஜாப் ஒர்க் லேத்துகள் முளைத்தன. தகட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனால் லேத்காரர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, டாலரன்ஸ் எவ்வளவு?" என்பதுதான். "கரெக்டா இருக்கணும் தம்பி" என்றால் தகடு அங்கேயே கிடக்கும். எண் சொன்னால்தான் மெஷினில் ஏறும். பார்ட்ஸ் பெங்களூர் சிவாஜி நகரிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் கிடைக்கும். ஆனால் இந்தக் கேள்வியை ஓசூர்தான் என் தொழிலுக்குக் கொடுத்தது.

அடுத்தது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். எஃப்.சி.யின் வீல்பேஸ் குட்டை, ஷாஃப்ட்டும் குட்டை. எஞ்சினை ஒரு விரற்கடை தூக்கி மாட்டினாலும் கோணம் சட்டென்று கூடிவிடும். யூ.ஜே. கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது ஷாஃப்ட்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். பின்னால் இருக்கும் கிராஸ் அதே அளவு எதிர்க்கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அங்கே தீர்ந்துவிடும். அதனால் கியர்பாக்ஸ் பக்கமும் டிஃபரன்ஷியல் பக்கமும் இணையாக இருக்க வேண்டும், இரண்டு யோக்குகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். இதை வெறும் வண்டியில் அளந்து பயனில்லை. பாரம் ஏறிப் பட்டை அமுங்கினால் பின் ஆக்ஸிலின் இடம் மாறிவிடும். நான் மணல் மூட்டை ஏற்றித்தான் கோணம் பார்ப்பேன்.

கிரௌன் பினியனைப் பலர் யோசிப்பதே இல்லை. எஃப்.சி.யில் வழக்கமாக இருக்கும் விகிதம் 5.38. பெட்ரோல் எஞ்சின் 4000 சுற்று சுற்றும் என்பதால் அது சரியாக இருந்தது. டிராக்டர் வழி வந்த எஞ்சினை 3000 சுற்றுக்கு மேல் விரட்டினால் அதன் ஆயுள் குறையும். 3000-ஐ 5.38-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 558 சுற்று. 7.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 மீட்டர் போகும். ஆக டாப் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர், அவ்வளவுதான். 4.88 பினியன் போட்டால் 88 வரும், ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் போகும். தளி, அஞ்செட்டி பக்கம் ஓடுகிற வண்டிக்கு நான் 5.38-ஐத் தொடமாட்டேன். நெடுஞ்சாலையில் தினமும் அத்திப்பள்ளி தாண்டுகிறவருக்கு 4.88 சொல்வேன்.

மற்றவை சின்ன வேலைகள், ஆனால் மறந்தால் பெரிதாகிவிடும். டீசல் எஞ்சினை நிறுத்தச் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது, பம்ப்புக்கு ஸ்டாப் கேபிள் வேண்டும். டேங்குக்கு ரிட்டர்ன் லைன் வேண்டும். டீசல் இன்டேக்கில் போதிய வேக்குவம் கிடைக்காது. பிரேக் பூஸ்டர் போடுகிறவர்கள் ஆல்டர்னேட்டரில் வேக்குவம் பம்ப்பும் சேர்த்துப் போட வேண்டும். மார்கழிக் காலையில் ஓசூர்க் குளிருக்கு எக்ஸ்.டி.பி.யில் ஹீட்டர் பிளக் நான்கும் வேலை செய்ய வேண்டும். எஃப்.சி.யில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே மேல்மூடிக்கு வெப்பம் தடுக்கும் அட்டையும், கீழே நல்ல ரப்பர் மவுண்டிங்கும் இல்லாவிட்டால், எஞ்சின் தாங்கினாலும் ஓட்டுகிறவர் தாங்கமாட்டார்.

இப்போது பெட்ரோல் வண்டியைக் கொண்டுவந்து டீசலாக்கித் தரச் சொன்னால் நான் எடுப்பதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. டீசலுக்கு டீசல் என்றாலும், ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதி கைக்கு வந்த பிறகுதான் போல்ட் கழற்றுவேன். குஜரியில், அதாவது பழைய சாமான் கடையில், வாங்கிய எஞ்சினுக்கு ரசீது வேண்டும், நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் பார்க்கிற வண்டி இது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான்.

வேலை முடிந்ததும் சாவியோடு ஒரு தாளும் கொடுக்கிறேன். டயல் கேஜில் வந்த ஆட்டம், இரண்டு பக்கக் கோணம், பினியன் விகிதம், கிளட்ச் பிளேட்டும் பைலட் பேரிங்கும் எந்த வண்டியுடையவை என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பு மாற்றியவர்கள் இப்படி எழுதி வைத்திருந்தால், இன்று நான் வாங்கும் கூலியில் பாதி மிச்சமாகியிருக்கும் என்று வண்டிக்காரர்களிடம் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். பெரும்பாலானவர்கள் அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.