உள்ளறைக் கதவு

இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்திலே, நம்மவர் பலர் ஐந்தரை இலட்சம் ரூபா உதவிகொண்டு தாமே வீடு கட்டினர். கூரை ஏறியதும் பணம் கரைந்துவிடும். உள்ளறைகளுக்குச் சேலைத் திரையே கதி.

அவ்வாறு கட்டிய அயலவரான தாயொருவர், “மாஸ்டர், உள்ளறைக்கு எந்த மரம் நல்லது?” என வினவினார். முதிரையும் பாலையும் வைரமானவை, விலையோ பெரிது. வேம்பு அவர் வளவிலேயே நின்றது. கறையானும் அதனை எளிதில் நாடாது. நன்கு உலர்த்தினாற் போதும் என்றேன்.

வாசற்கதவு கள்வருக்காக, உள்ளறைக் கதவு மானத்துக்காக. முகாம்களிலே திரைமறைவில் உடைமாற்றி வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் ஆடம்பரமன்று. ஆதலின், விறாந்தைக்கு வர்ணம் பூசுமுன், மகளின் அறைக்குக் கதவு இடுங்கள்.