பழைய கமிட்டுகளைத் துடைக்கலாமா?

போன மாதம் எங்கள் பிராஜெக்ட் குழுவில் ஒரு பஞ்சாயத்து. நாலு பேட்ச் மாணவர்கள் கைமாற்றிக் கொடுத்த ஒரு பைத்தான் பேக்கேஜ். நிரல் மட்டும் பார்த்தால் 2 எம்பி கூடத் தேறாது. க்ளோன் பண்ணினால் 700 எம்பி இறங்கும்! யாரோ ஒரு புண்ணியவான் டேட்டாவை ஜிப் பண்ணிக் கமிட் செய்துவிட்டு, மறுநாளே அழித்தும் இருக்கிறார். கோப்புதான் போனது, கிட் அதை மறக்கவில்லை.

"எல்லாத்தையும் ஒரே கமிட்டா ஸ்குவாஷ் பண்ணிட்டு புதுசா ஆரம்பிப்போம்டா" என்றான் நண்பன். நான் கூடாது என்றேன். ரெண்டு நாள் சண்டை. (கிட் கரைத்துக் குடித்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு நீளமான அடையாள எண் உண்டு. கோப்புகள், எழுதியவர் பெயர், தேதி, குறிப்பு, முந்தைய கமிட்டின் எண் எல்லாம் சேர்த்துக் கணக்கிடுவது அது. அதனால் பழைய கமிட் ஒன்றில் கை வைத்தால், அதற்குப் பின்னால் வரும் அத்தனை எண்களும் மாறிவிடும். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் வரை ரீபேஸோ ஸ்குவாஷோ, இஷ்டம் போல் செய்யுங்கள். பத்து பேர் க்ளோன் செய்த பிறகு கதை வேறு. அவர்களிடம் பழைய சங்கிலி, உங்களிடம் புதுச் சங்கிலி. ஒருத்தர் விவரம் தெரியாமல் மெர்ஜ் செய்து புஷ் பண்ணினால் போதும், துரத்திவிட்ட ஜிப் கோப்பு சிரித்துக்கொண்டே திரும்பி வரும்.

2013 நவம்பரில் ஜென்கின்ஸ் திட்டத்தில் ஒருவர் தவறுதலாகச் செய்த ஃபோர்ஸ் புஷ், 180க்கும் மேற்பட்ட ரெப்போசிட்டரிகளைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டது. கிட்ஹப் ஆட்களின் உதவியோடு மீட்டார்கள். அதாவது தவறுதல். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் விவகாரத்தில் வேண்டுமென்றே செய்தார்கள். பதிப்பு டேகுகளை ஒரு திருட்டுக் கமிட்டுக்குத் திருப்பிவிட, அதைப் பயன்படுத்திய ரெப்போசிட்டரிகள் 23,000க்கும் மேல். டேகை நம்பாமல் முழு அடையாள எண்ணை எழுதி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். அந்த எண்ணுக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவு.

நண்பன் விடுவானா? "லினஸே செய்திருக்கார்" என்றான். உண்மைதான். 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலை கிட்டில் ஏற்றியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் பழைய வரலாற்றைக் கொண்டுவரவில்லை. ஏற்றினால் 3.2 ஜிபி ஆகும் என்று முதல் கமிட்டிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அதற்கு முந்தைய வரி எதற்கு கிட் பிளேம் போட்டாலும் லினஸ் பெயர்தான் வரும். எழுதியது யாரோ!

எனக்கு உறுத்தியதும் இதுவேதான். எங்கள் பேக்கேஜில் பார்சர் முழுவதும் எழுதியது ரெண்டு வருடம் முன்னால் படித்து முடித்த ஒரு அக்கா. இன்றைக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கமிட்டுகளைத்தான் காட்டுகிறார். ஸ்குவாஷ் செய்தால் அத்தனைக்கும் என் நண்பன் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். 700 எம்பிக்காக ஒருத்தரின் ஒரு வருட உழைப்பை அநாமதேயம் ஆக்குவது என்ன நியாயம்?

ஜிசிசி கம்பைலர்காரர்கள் 2020 ஜனவரியில் எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு மாறியபோது நேர் எதிராகச் செய்தார்கள். ரெண்டு லட்சத்துக்கும் மேலான கமிட்டுகள். சேஞ்ச்லாக் கோப்புகளைத் தோண்டி எழுதியவர்களின் பெயர்களைச் சரி செய்தார்கள். முன்பு இருந்த கிட் நகலின் வரலாற்றையும் தூக்கி எறியாமல் தனி இடத்தில் வைத்திருக்கிறார்கள். சுத்தம் என்றால் இது சுத்தம்.

கடைசியில் நாங்கள் ஃபில்டர்-ரெப்போ கருவியை எடுத்தோம். கிட்டுடன் வரும் ஃபில்டர்-பிராஞ்சை வேண்டாம் என்று கிட்டின் ஆவணமே சொல்கிறது. ஜிப் கோப்பு மட்டும் காலி, பெயரும் தேதியும் குறிப்பும் அப்படியே. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்ற பட்டியலையும் அதுவே எழுதித் தந்துவிடுகிறது. ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் தகவல் சொல்லி, கையில் இருப்பதைப் புஷ் செய்யச் சொல்லி, பழைய ரெப்போவைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்தோம். பழைய கமிட் ஒன்றில் ஒரு சீனியரின் ஏபிஐ சாவியும் கிடைத்தது. அதை வரலாற்றிலிருந்து அழித்துப் பிரயோஜனமில்லை, க்ளோன் செய்தவர்களிடம் இருக்குமே. முதலில் சாவியை ரத்து செய்யச் சொன்னோம், அழித்தது பிறகுதான்.

இப்போது 5 எம்பி. ஆறு பேர் பழைய க்ளோனை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொண்டார்கள். ஏழாவது ஆசாமி "பரீட்சை முடியட்டும்" என்கிறார். அதுவரை அவருக்குப் புஷ் அனுமதி கிடையாது :-)